மூடி இல்லாத கிலோ

நவம்பர் 3

மேனகா அக்கா கத்தவில்லை. மெதுவாகச் சொன்னதுதான் அதிகம் உறைத்தது. "புளி போட்டா தேச்சே? இனிமே காய்ஞ்ச துணி மட்டும்தான்."

பித்தளை என்றால் பளபளக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அக்கா சேலத்திலிருந்து வந்து ஏரிக்குப் பின்னால் வீடு எடுத்திருக்கிறார். நான் அங்கே துடைத்துப் பெருக்கப் போகிறேன். ஓர் அறை முழுக்கப் பழைய பீரங்கிக் குண்டுகள், வெடிமருந்து எடுத்த காலிக் குண்டுகள். அவற்றின் மூக்கில் திருகும் பித்தளைத் துண்டுக்கு ஃபியூஸ் என்று பெயர். சிலவற்றில் வட்டமாக எண்கள் இருக்கும். வளையத்தைத் திருகி எந்த எண்ணில் வைக்கிறோமோ, அதற்கேற்ற நேரத்தில் வெடிக்குமாம்.

நான் தேய்த்ததில் ஓர் எழுத்தே மங்கிவிட்டது. பத்தாவதைப் பாதியில் விட்டவளுக்கு எழுத்தோடு இன்னும் என்ன பகையோ.

நவம்பர் 6

வட்டமாக எண்கள். இதை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 10

எங்கள் தராசில்தான்!

வாழவந்தியிலிருந்து காலை பஸ்ஸில் அம்மாவோடு எங்கள் சாலையோரக் கடைக்குக் கூடை தூக்கி வந்தேன். அம்மா தட்டில் கிலோ கல்லை வைத்தாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் கல். அழுக்குக்கு அடியில் எண்கள், சுற்றி வளையம். தாத்தா பழைய இரும்புக் கடையில் வாங்கி, அடியை அரத்தால் ராவி, கிலோவுக்குச் சரி செய்தது என்று அம்மா சொல்வாள்.

"வாங்க சாமி, மலைக் கொய்யாங்க, தேனாட்டம் இருக்கும்." கார் நின்றால் அம்மா ஓடுவாள். எடை போட்ட பிறகும் ஒரு பழத்தை மேலே வைத்து, "ஒண்ணு இருக்கட்டுங்க" என்பாள். கெஞ்சுவது போல இருக்கும். நான் கூடைக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

சாயங்காலம் அக்காவிடம், அப்படி ஒன்றை வெள்ளக்கடை கிராமத்தில் ஓர் ஊட்டில் பார்த்தேன் என்றேன். ஏன் பொய் சொன்னேன்? கொய்யா விற்கிறவள் மகள் என்று தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

நவம்பர் 12

அம்மா தண்ணீருக்குப் போனபோது கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்கா பார்த்ததும் முகம் மாறினார். "தூக்கிட்டா வந்தே? உள்ள மருந்து இருந்தா என்ன ஆயிருக்கும்? இப்படி எதைப் பாத்தாலும் தொடக் கூடாது. எனக்குப் போன் பண்ணணும்." என்னைத் தெருவுக்கு அனுப்பினார். பிறகு கூப்பிட்டார். அடி திறந்தே இருந்ததாம், உள்ளே காலி.

மின் தராசில் வைத்தார். தொள்ளாயிரத்துப் பதினெட்டு கிராம். "மேல் மூடி இல்லை, அதான். இதைக் கிலோன்னு வெச்சு வியாபாரமா? சரியான ஏமாத்துக்காரங்க!" என்று சிரித்தபடியே கண்ணாடி அலமாரியில் எடுத்து வைத்தார்.

நானும் சிரித்தேன்.

நவம்பர் 13

எழுதவே கை வரவில்லை.

அம்மா கல்லைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடை சாந்தி அக்காவிடம் கல் இரவல் வாங்கினாள். "எங்கதான் போச்சோ அந்தக் கல்லு" என்று பத்துத் தடவை புலம்பியிருப்பாள். எனக்கு என்ன வந்ததோ, "அது கிலோவே இல்லம்மா, எல்லாரையும் ஏமாத்திட்டு இருந்திருக்கே" என்று கத்திவிட்டேன். எப்போதும் வாயே திறக்காதவள் நான்! வாங்க நின்ற ஆள் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாந்தி அக்காதான் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கேன்னு நெனச்சேன், இதுக்குத்தான் தெறந்தியா? உங்கொம்மா மேல ஒரு பழம் வெக்கறது எதுக்குன்னு நெனச்சே? அழகுக்கா?"

அம்மா கூடையைக் கட்டினாள். ஊட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போதுதான் சொன்னாள். "அந்த மூடி எங்கியோ உழுந்து போன அன்னிக்கே ரேசன் கடைத் தராசுல வெச்சுப் பாத்தேன் கண்ணு. ஒரு பழம் கொறஞ்சுது. அன்னில இருந்து ஒரு பழம் சேத்து வெக்கறேன்."

நொம்ப மெதுவாகச் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 14

கல் எங்கே என்று அம்மா கேட்கவில்லை. தெரிந்திருக்கிறது.

நவம்பர் 16

அலமாரியைத் துடைத்தேன். கல்லின் கீழே அக்கா சீட்டு வைத்திருக்கிறார்: வெள்ளக்கடை. என் பொய் அழகான கையெழுத்தில். இன்று சொல்லிவிட நினைத்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 17

சொன்னேன். அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, சன்னலைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். "அது எங்கம்மாவுதுங்க. கேக்காம எடுத்துட்டு வந்தேன். ஏமாத்தலைங்க, ஒரு பழம் சேத்துத்தான் குடுப்பாங்க."

அக்கா அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு நீயும் சிரிச்சியே?" என்றார்.

துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன்.

நவம்பர் 20

அக்கா கல்லை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தார். "தெரியாம ஒரு வார்த்தை சொல்லிட்டேங்க, மன்னிச்சுக்கங்க" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏமாத்துக்காரங்க என்று அக்கா சொன்னதை நான் வீட்டில் சொல்லவே இல்லையே. கண்ணாடி அலமாரியில் வைத்திருந்ததைச் சொல்லி அக்கா கல்லை நீட்டினார்.

"அங்கியே கண்ணாடிக்குள்ள இருக்கட்டுங்க. எங்க மாமனார் பார்த்துப் பார்த்து ராவினது. நான் கவர்மெண்டு முத்திரை போட்ட கல்லு வாங்கிக்கறேன்" என்றாள் அம்மா.

டிசம்பர் 1

அலமாரிச் சீட்டு மாறிவிட்டது, அம்மா பெயர் ஏறிவிட்டது: அத்தாயி, வாழவந்தி. தராசில் இருந்தது.

அம்மாவுக்குக் காய்ச்சல். கடையில் நான் மட்டும். பனியில் ஒரு கார் வந்து நின்றது. ஓடத் தெரியவில்லை, எழுந்து நின்றேன்.

"கிலோ சரியா இருக்குமா, பாப்பா?"

"இருக்குதுங்க." சத்தமாகத்தான் சொன்னேன். முத்திரைக் கல், முழுக் கிலோ. தட்டு நேராக நின்றது. பையைக் கொடுத்த பிறகும் கை கூடைக்குப் போயிற்று.

"இது எதுக்கும்மா?"

"ஒண்ணு இருக்கட்டுங்க" என்றேன்.