கல்லறைக்கு மேலே எரிந்த சரிவு

மார்ச் 3, செவ்வாய்

மூன்று வாரமாக மழை இல்லை. எங்கள் எஸ்டேட் லயன் வீட்டுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் காட்டுச் சரிவு ஞாயிறன்று எரிந்தது. பல்கலைக்கழகத்தில் காட்டுத்தீ பற்றிப் படிக்கிறவளுக்கு வீட்டு வாசலிலேயே பாடம்.

அன்றைக்கு அப்பாவின் நினைவு நாள். அம்மா கல்லறையில் பால் டின்னுக்குள் மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டு வந்தாள். எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி, விசாரிக்க வந்தபோது, கேட்காமலே அதைச் சொல்லியும்விட்டாள். “மறைச்சா பாவம்லா.” பாவசங்கீர்த்தனம் செய்ய வேறு ஆள் கிடைக்கவில்லை!

கல்லறைக்கு எஸ்டேட்காரர்கள் பூட்டுப் போட்டுவிட்டார்கள். தீ தன்னால்தான் என்று வெள்ளிக்குள் அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் கல்லறையை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். அப்பா உள்ளே.

மார்ச் 4, புதன்

சரிவில் ஆறு மணி நேரம். டேப், கேமரா, நாசி லெமாக் சோறு ஒரு பொட்டலம். முழங்கை சிராய்ப்பு.

- அடிமரத்தில் கரி முழங்கால் உயரம், சுற்றிலும் ஒரே அளவு. கீழிருந்து ஏறிய தீ என்றால் மேட்டுப் பக்கம் ஆளுயரம் கருகியிருக்கும். இது மெதுவாக இறங்கிய தீ.
- கல்லறைக்கு மேலே உள்ள கால்வாயோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் காய்ந்த புல்கூட அப்படியே. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், அப்பா சிலுவையில் பிளாஸ்டிக் ரோஜா சுருங்கவே இல்லை.
- உச்சியில், எஸ்டேட்டின் புதுக் காய்கறித் தோட்டத்துக்கு வெட்டிக் குவித்த கிளைகள். சாம்பல் அங்கேதான் கனம்.

மார்ச் 5, வியாழன்

பேராசிரியருக்குப் போன். தீ எப்படி நகர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள், யார் வைத்தது என்பது நம் வேலையில்லை என்றார். சரி சார். நகர்ந்ததை மட்டும் எழுதுகிறேன். மேலிருந்து கீழே. பெயர் எதற்கு, அம்புக்குறி போதும்.

அம்மாவுக்கு என்மேல் கோபம். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது என்கிறாள். எனக்கும் பயம்தான். அதற்காக?

மார்ச் 6, வெள்ளி

எஸ்டேட் ஆபீஸ். மேனேஜர் துரை, கிராணி, நாங்கள் இருவர். படங்களை மேசையில் பரப்பிக் கரியின் உயரத்தை விளக்கினேன். துரை உச்சிப் படத்தை மட்டும் எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள்.

கிராணி பேனாவை நீட்டினார். “நீங்களே சொன்னீங்கல்ல அக்கா. போட்டுட்டா முடிஞ்சிரும்லா.”

“நான் கொளுத்துனது மெழுகுவர்த்தி. அத எழுதுங்க, போடுறேன்.”

எழுதவில்லை. வந்துவிட்டோம்.

வழியில் அம்மா கடையில் நின்று மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட் வாங்கினாள். பூட்டு இன்னும் தொங்குகிறது. வேலி இடுப்பு உயரம்தான்.