கழற்றாத மைக்

அன்புள்ள அப்பா,

மகளின் முதல் டிவி பேட்டி அமைச்சரான உங்களோடுதான் என்று அடம்பிடித்து வந்தீர்கள். உங்கள் சட்டையில் மைக்கை நான்தான் மாட்டினேன். வேறு சேனலாக இருந்தால் எழுந்ததுமே கழற்றியிருப்பீர்கள். மகள்தானே என்று அப்படியே பக்கத்து அறைக்குப் போய்விட்டீர்கள்.

ஹெட்போன் என் காதிலேயே இருந்தது. பதிவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆலை வாசலில் போராடியபோது சுடப்பட்டுச் செத்தவர்களுக்காகச் சற்று முன் தழுதழுத்த அதே குரல், போனில் போலீஸ் அதிகாரியிடம் சிரித்தது: "சுடச் சொன்னது நான்தான்னு வெளிய மூச்சு விடக் கூடாதுய்யா."

திரும்பி வந்து, "எப்படிம்மா பேசினேன்?" என்றீர்கள். மைக்கைக் கழற்றும்போது கீழே தவறவிட்டேன். முதல் நாள் பயம் என்று தலையைத் தடவிக் கொடுத்தீர்கள்.

இன்று எட்டு மணிச் செய்தியை அம்மா பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் உங்கள்
மகள்