ஒரே வண்டியில் போட்ட இரண்டு பேர்

பாய்,

இன்று காலை ஜங்ஷன் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே இரண்டு விசில் கேட்டது. நம் வண்டிதான், ஆழ்வார்திருநகரி போகிற முதல் நடை. இரண்டு விசில் என்றால் எடுக்கலாம் என்று அர்த்தம். வண்டி எடுக்கவில்லை. மறுபடியும் விசில். அப்போதும் அது கல்லாட்டம் நின்றது. கொஞ்சம் பொறுத்துத்தான் பைய நகர்ந்தது.

மத்தியானம் புது கண்டக்டர் கடுகடுவென்று என் முன்னால் வந்து நின்றார். "மேடம், இனி இசக்கி அண்ணாச்சிகூட என்னையப் போடாதீங்க. விசில் அடிச்சா எடுக்க மாட்டேங்காரு. கண்ணாடியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. வண்டி லேட்டாவுது, சனங்க என்னையல்லா ஏசுதாவ!"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இசக்கியால் வண்டி தாமதம் என்று ஒருவர் புகார் சொல்ல, அதை நான் என் காதால் கேட்கிறேன்! நீங்கள் இருந்திருந்தால் உங்கள் கண்டக்டர் பையை மேஜையில் பொத்தென்று போட்டுவிட்டு, "மேனேஜரம்மா, இது என்ன புதுக்கூத்து?" என்று கேட்டிருப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடி மவுத்தாகி, வருகிற நோன்போடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அந்தப் பொத்தென்ற சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன்.

நான் இந்த பஸ் கம்பெனி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குச் சீதனமாக வந்தது நீங்களும் இசக்கியும்தான். உங்களோடு போக ஒரு டிரைவரும் சம்மதிக்கவில்லை. படிக்கட்டில் ஒருவர் தொங்கினாலும் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிடுவீர்கள். உள்ளே ஏறு, இல்லையென்றால் இறங்கு. அவர் கவுன்சிலர் மச்சினனாக இருந்தாலும் சரி, கல்யாண மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி. ஏன் பாய் இப்படி என்று கேட்டதற்கு, "படியில நிக்கது பஸ்ஸுல ஏறுனதுல சேத்தியாம்மா?" என்று என்னையே மடக்கினீர்கள்.

இசக்கியோடு போக ஒரு கண்டக்டரும் சம்மதிக்கவில்லை. அவருக்கு நேரம்தான் சாமி. டீ குடிக்க இறங்கிய கண்டக்டரை ஸ்ரீவைகுண்டத்தில் விட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போன புண்ணியவான். அந்தக் கண்டக்டர் கையில் டீ கிளாஸோடு பின்னால் ஓடிய கதையை இன்றைக்கும் பஸ் ஷெட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முதலாளி ஒரு நாள் போனில் கத்தினார். "ரெண்டு பேர்ல ஒருத்தன மாசக் கடைசிக்குள்ள அனுப்பிரு. எவன்னு நீயே சொல்லு."

அன்று சாயங்காலம் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீங்கள் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வேல போச்சுன்னா மூத்தவன் துபாய்க்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவான்மா. காயல்பட்டினத்துல என் வயசுக்காரங்க பாதிப் பேரு அங்கனதான் இருக்காங்க. பேரப்பிள்ளைகள நல்லாத்தான் பாத்துப்பேன். ஆனா பையத் தோள்ல மாட்டாம நான் யாரும்மா?" என்றீர்கள். அப்போதுதான் உங்களை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். இசக்கிக்கும் வீட்டில் படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள். அவரையும் அனுப்ப மனசில்லை.

மறுநாள் உங்கள் இருவரையும் ஒரே வண்டியில் போட்டேன். ஷெட்டே வேடிக்கை பார்த்தது. முதலாளி, "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார். "யாரும் சேத்துக்கிடாத ரெண்டு பேரு மொதலாளி. வேற யாருகூடப் போட?" என்றேன்.

ஒரே ஒரு சட்டம் வைத்தேன். வண்டியில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டாம். ஏசுவதாக இருந்தால் சாயங்காலம் என்னிடம் வந்து ஏசுங்கள், தனித்தனியாக. டீ நான் வாங்கித் தருகிறேன்.

அம்மாடி, என்ன ஏச்சு! "அந்தப் பாய் படிக்கட்டுல போலீஸ் வேலைல்லா பாக்காரு" என்பார் இசக்கி. அதில் உப்பையும் உறைப்பையும் எடுத்துவிட்டு, "ஸ்டாப்பு வர முந்தியே படியில நிக்க ஆள உள்ள ஏத்திட்டா நேரம் மிச்சமாவும்னு இசக்கி சொல்லுதாரு" என்று உங்களிடம் சொல்வேன். நீங்கள், "அவனுக்குக் கண்ணாடி தல சீவுததுக்கு மட்டும்தானா?" என்பீர்கள். நான் இசக்கியிடம், "எடுக்கதுக்கு முன்ன கண்ணாடில படியப் பாத்துக்கிடச் சொல்லுதாரு பாய்" என்பேன். நான் வடிகட்டித்தான் தருகிறேன் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி டீயைக் குடித்தீர்கள்.

மாசம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது அந்தச் சம்பவம். வண்ணாரப்பேட்டை போகும் ஆற்றுப்பாலத்துக்கு நடுவில் படியில் தொங்கிய ஒரு தடியனை உள்ளே வரச் சொல்லி விசில் அடித்தீர்கள். வண்டி நின்றது. அவன் உங்கள் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.

இசக்கி எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "கைய எடுலே. அவரு விசில் அடிக்காம இந்த வண்டி நவராது. பொழுது விடிஞ்சு பொழுது போனாலும் நவராது." நிமிஷத்துக்கு நிமிஷம் கடிகாரம் பார்க்கிற மனிதர்! பாலத்தின் இரண்டு பக்கமும் வண்டிகள் அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தன. தடியன் இறங்கிப் போனான். நீங்கள் காலரைச் சரிசெய்துகொண்டு, "நேரமாவுது இசக்கி, எடும்" என்றீர்கள். "நீரு மொதல்ல விசில அடியும் வே" என்றார் அவர். வண்டியில் நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான் என்று, அதில் வந்த ஒரு டீச்சர் என்னிடம் சொன்னார்.

பாலம் அடைத்துப்போன சேதி முதலாளிக்கு உடனே எட்டிவிட்டது. "எவன அனுப்பப் போற?" என்றார். "அனுப்புனா ரெண்டு பேரையும் சேத்துத்தான் அனுப்பணும் மொதலாளி. இனி அவங்களத் தனித்தனியாப் பிரிக்க முடியாது" என்றேன். "ஒனக்கும் அவனுவ குணம் ஒட்டிக்கிட்டு" என்று போனை வைத்தார். அதற்குப் பிறகு மாசக்கடைசி என்ற பேச்சே எழவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது நான் தரையில் நடக்கவில்லை பாய். இன்றைக்கும் என் உத்தியோகத்தில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்த வண்டியைத்தான் சொல்வேன்.

இன்று சாயங்காலம் இசக்கிக்கு டீ சொல்லிவிட்டுக் கேட்டேன். "என்னண்ணே, விசில் அடிச்சும் எடுக்க மாட்டேங்கீங்களாமே? நேரம் என்னாவுது?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "படியில ஆளு நிக்கி மேடம். எடுத்தா பாய் ஏசுவாரு" என்றார்.

நீங்கள் வெளியே பையோடு நிற்கிறீர்கள் என்பது போலச் சொன்னார். அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன், உங்களிடம் சொல்வதற்கு என்ன.

கண்ணைத் துடைப்பதற்குள் முதலாளி போன். "அந்த ஆழ்வார்திருநகரி வண்டி தினமும் லேட்டாமே. யாரும்மா இப்ப தகராறு பண்ணுதது?"

"பாய்தான் மொதலாளி" என்றேன்.

எப்போதும் கத்துகிற முதலாளி குரலைத் தாழ்த்தி, "அப்ப ஒண்ணும் கேக்காத. வண்டி நேரத்த மாத்திப் போடு" என்றார்.

மாற்றிப் போட்டுவிட்டேன், பாய்.