கிணற்றில் மிஞ்சியிருப்பது

மந்தைவெளி,
ஞாயிறு

அன்புள்ள ஷரஃபுதீனுக்கு,

நெடுங்காலம் பேசாமல் இருந்துவிட்டோம். என் எண்ணைப் பார்த்தால் நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். நீயும் வஜீஹாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். ஹைதராபாத் வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டேன்.

விஷயம் எங்கள் குடியிருப்புக் கிணறு. பின்தெரு டிரை கிளீனிங் கடை வருடக்கணக்காக மண்ணில் விட்ட திரவத்தை, நுண்ணுயிரிகளுக்குக் கரும்புப் பாகு ஊட்டிச் சிதைக்க வைத்தாய். வேலை செய்தது. ஒப்புக்கொள்ள எனக்குக் கசக்கிறது, ஆனால் செய்தது.

சங்கக் கூட்டத்தில் செயலாளர் நல்லசிவம் உன் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "பூச்சியெல்லாம் சேந்து வெசத்தத் தின்னு தீத்துட்டுல்லா! இனி என்னவே பயம்?" என்றார். ஒரே கைதட்டல். அடுத்த மாதம் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர்த் தொட்டியில் சேர்க்கப்போகிறார்கள்.

அறிக்கையை வாங்கிப் படித்தேன். கடைத் திரவம் இப்போது இல்லை என்கிறது. அது என்னவாக மாறியது என்று நீ பார்க்கவே இல்லை. நுண்ணுயிரி அதிலிருந்து குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது. கடைசிப் படிக்கு முன் நின்றுவிட்டால் மிஞ்சுவது வினைல் குளோரைடு. முதலில் இருந்ததைவிடக் கொடியது, புற்றுநோய் தருவது. உனக்குத் தெரியாததா? உனக்கு எப்போதும் அவசரம்.

கூட்டத்திலேயே சொல்ல எழுந்தேன். "சாருக்கும் அவருக்கும் பழைய வாய்க்கால் தகராறுல்லா" என்றார் நல்லசிவம். எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அடையாறு வேலைக்கான நேர்காணலின்போது என்னைப் பற்றி விசாரித்தவர்களிடம் நீ, "எதிலும் குறை காண்பவன், யாரோடும் சேர்ந்து வேலை செய்ய மாட்டான்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி வைத்தவன் நான்தான். இப்போது நான் எதைச் சொன்னாலும் பொறாமையாகத்தான் கேட்கிறது.

வாட்ச்மேன் வடிவேலுவும் அவன் மனைவி புஷ்பமும் இப்போதே அந்தத் தண்ணீரில்தான் சமைக்கிறார்கள். வேண்டாமென்றேன். "இன்னா சார் நீ, ரிப்போர்ட்டே நல்லாகீதுன்னு சொல்லுது, நீ இன்னாத்துக்கு காண்டாவுற?" என்று சிரிக்கிறான். புஷ்பத்துக்கு இது ஆறாம் மாதம். தினம் ஒரு கேன் தண்ணீர் அவர்கள் வாசலில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் குடிக்கிறாளா, தெரியவில்லை.

இன்னொரு முறை மாதிரி எடு. வினைல் குளோரைடைச் சோதித்துப் பார். சந்தேகம் உனக்கே வந்ததாக நல்லசிவத்திடம் சொல். நீ சொன்னால் அன்றே நிறுத்திவிடுவார். நான் சொன்னதாகத் தெரிந்தால் மறுபடியும் சண்டைக் கதையாகிவிடும்.

படித்ததும் கிழித்துவிடு. எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். பிறக்கப்போகும் குழந்தை நன்றாக இருக்கட்டும். உன் பெயரும் கெடாமல் இருக்கட்டும். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.