வாரேன் என்றால் எந்த வாரேன்

அக்கா,

இங்கே காற்று முழுக்கக் குளோரின் வாசனை. உடை மாற்றும் அறைகளிலிருந்தும் குளங்களிலிருந்தும் ஈரத்தோடு வருகிற ஒவ்வொருவரும் அதைக் கொஞ்சம் கொண்டுவந்து என் பெஞ்சுக்கு முன்னால் சொட்டவிட்டுப் போகிறார்கள். மற்றவர்களுக்கு இது தண்ணீரைச் சுத்தம் செய்கிற மருந்து. எனக்கு இது நீ. மூன்று வருடத்துக்கு முன்னால் நாம் வந்த அதே தீம் பார்க். காலையில் வாளையார் எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குள் நுழைந்ததிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

என் மகள் யாழினி பெரிய சறுக்குக்குப் போய் நாற்பது நிமிடம் ஆகிறது. அவளுக்கு இப்போது பதினாறு வயது. "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். அவளுடைய போன் லாக்கரில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் எழுந்து தேடப் போய்விடுவேன் என்று பயந்து, கைப்பையில் கிடந்த டைரியை எடுத்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தேடப் போகமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்ற முடியுமா என்று தெரியவில்லை. இதற்குள் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தாகிவிட்டது. பக்கத்தில் யாழினியின் அப்பா, எப்போதும்போல, "உக்காரு. க்யூ நீளம்" என்று சொல்லிவிட்டுச் சோளம் தின்கிறார்.

அந்தப் பயணத்துக்காக நீ எத்தனை நாள் காத்திருந்தாய். அம்மா போனபோது நான் பதினோராம் வகுப்பு. அன்றிலிருந்து பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் கம்பெனியில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி என்னைப் படிக்க வைத்தாய். அங்கேயே சூப்பர்வைசர் ஆனாய். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர நீ ஊரைத் தாண்டியது இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் முதல் சுற்றுலா என்றதும் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன்னிடமிருந்து ஒரு குரல் பதிவு வரும். பின்னால் மிஷின் சத்தம், முன்னால் உன் குரல்.

"கண்ணு, அங்க அலை அடிக்கிற குளம் இருக்குதாமா. கடலு மாதிரியே இருக்குமாம், உப்புக் கரிக்காதாம்."

மறுநாள்: "ராட்டினத்துல லைட்டுப் போட்டதுக்கப்பறந்தான் ஏறோணுமாமா. எங்க செக்சன்ல ஒரு புள்ள சொல்லுச்சு. பகல்ல ஏறுனா வேஸ்ட்டாமா."

அதற்கும் மறுநாள், ரகசியம் போல மெதுவாக: "ஓட்டல்ல காலையில நாம எந்திரிக்கறப்பவே இட்லி வெந்திருக்குமல்ல? மாவாட்ட வேண்டியதில்ல, சட்னி அரைக்க வேண்டியதில்ல. எனக்கு அதுதான் கண்ணு மொதல்ல."

பெரிய சறுக்கைப் பற்றி மட்டும் உன்னிடமிருந்து பதிவு வரவில்லை. அதை நீ யாழினியோடு சேர்ந்து போனில் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. மேலே மூடிய குழாய், கடைசியில் கீழே நேராக ஒரு விழுதல், தண்ணீர். விழுகிற நொடியில் தானாகவே ஒரு போட்டோ எடுக்குமாம்.

தண்ணீரில் இறங்க நைலான் உடைதான் வேண்டும், சேலை கூடாது என்று சொன்னபோது நீ பின்வாங்கிவிடுவாய் என்று நினைத்தேன். காந்திபுரத்துக் கடையில் கருநீலத்தில் ஒரு பேன்ட்டை நீ இடுப்பில் வைத்து அளந்து பார்த்தாய். கடைக்காரர் "பொண்ணுக்குங்களா?" என்று கேட்டார். "ஏனுங்க, எனக்குத்தானுங்க. எனக்கெல்லாம் காலு இல்லீங்களா?" என்றாய். அவர் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு நிறம் எடுத்துப் போட்டார்.

நான் என் பங்குக்கு என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். கல்லூரி அலுவலகத்தில் தேர்வு அட்டவணை போடுகிறவள் சுற்றுலாவுக்கும் அட்டவணை போட்டேன். பத்தரைக்கு அலைக்குளம். பதினொன்றே காலுக்கு மழை நடனம். ஒரு மணிக்கு உடை மாற்றிச் சாப்பாடு. அதை அச்சடித்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். நீ கண்ணாடியை மூக்குக்கு இறக்கி முழுவதும் படித்தாய்.

"எல்லாஞ் செரி அம்மணி. ஒண்ணுக்குப் போறதுக்கு எத்தன மணின்னு போடலியே?"

காரில் எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ஆனாலும் அந்தத் தாளை விடவில்லை. எனக்கு ஒரு இடத்தில் இருக்கும்போதே அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டதோ என்று இருக்கும். அலைக்குளத்தில் நீ யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அலைக்கும் "வருது வருது" என்று குதித்துக்கொண்டிருந்தாய். நான் கரையில் நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நடந்ததை உன்னிடம் நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன்.

அன்றைக்கு மணி ஒன்று ஆகப் போகிற நேரம். லாக்கருக்கு முன்னால் குனிந்து பையைக் குடைந்துகொண்டிருந்தேன். உன் மாற்றுச்சேலை என் தோளில். வாசலில் நின்று நீ, "கண்ணு, நான் வாரேன்" என்றாய். நான் நிமிரக்கூட இல்லை. "செரி செரி" என்றேன். சேலை மாற்ற வருகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அட்டவணைப்படி அது சாப்பாட்டு நேரம்தானே.

நீ வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். அலைக்குளத்துக்கு ஓடினேன். அங்கே யாழினியும் அவள் அப்பாவும் இருந்தார்கள், நீ இல்லை. அந்த நேரம் பார்த்து லைஃப்கார்டு யாரையோ பார்த்து விசில் ஊதினார். அந்த விசில் இன்னமும் எனக்குக் கேட்கிறது. தண்ணீரில் தெரிந்த ஒவ்வொரு கருநீலமும் உன் பேன்ட்டாகத் தெரிந்தது. விசாரணைக் கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் பாதி, எனக்கு மலையாளம் கால்வாசி. அவள் ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொன்னபோது எனக்கே அது வேறு யாரோ மாதிரிக் கேட்டது. உனக்கு எப்படிக் கேட்டிருக்கும். இவர் வெளிவாசலுக்குப் போனார். நான் உன் சேலையைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் அலைந்தேன். அப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேலே.

பெரிய சறுக்கின் அடியில் உன்னைப் பார்த்தேன். அப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்து வெளியே வந்தாய். கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி வந்தாய்.

நான் முந்திக்கொண்டேன்.

"அறிவிருக்குதா உனக்கு? அம்பத்து மூணு வயசாச்சு, சொல்லாமக் கொள்ளாமப் போவியா? செத்துட்டியோன்னு தேடிக்கிட்டு இருக்கறேன்."

உன் கைகள் மெதுவாக இறங்கின. "சொல்லிப்போட்டுத்தான கண்ணு வந்தேன். நீயும் செரின்னயே."

"வாரேன்னுதானே சொன்னே?"

"ஆமா. வாரேன்னுதான் சொன்னேன். கெளம்பையில போறேன்னா சொல்லுவாங்க?"

பக்கத்தில் துவட்டிக்கொண்டிருந்த பாலக்காட்டுக் குடும்பம் ஒன்று இதைக் கேட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. நீ சொன்னதில் தப்பே இல்லை. நம் ஊரில் கிட்டே வருவதற்கும் வாரேன்தான், விடைபெறுவதற்கும் வாரேன்தான். போறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் படியிறங்கமாட்டோம். நாற்பது வருடமாகப் பேசுகிற ஒரு சொல்லை நான் தப்பாகக் கேட்டேன். அதை ஒப்புக்கொள்ளாமல், அத்தனை பேர் நடுவில், இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. உனக்கு நினைவிருக்கும். யாழினிக்கும் இருக்கிறது.

அன்றைக்கே கிளம்பினோம். அந்த இரவும் மறுநாளும் தங்குவதாக இருந்த அறையைக் காலி செய்தோம். நீ ராட்டினத்தில் ஏறவில்லை. வெந்து தயாராக இருக்கும் இட்லியைப் பார்க்கவில்லை. விழுகிற நொடியில் எடுத்த உன் போட்டோ அங்கே ஒரு திரையில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். யாரும் வந்து கேட்காத படங்களை அன்று மாலையே அழித்துவிடுவார்களாம், இன்று கவுன்ட்டரில் விசாரித்தேன். திரும்பும் வழியில் டீக்கு நிறுத்தியபோது, "டீ நல்லாருக்குது" என்றாய். கோயம்புத்தூர் வரும்வரை நீ பேசியது அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் உன் குரல் பதிவு வந்தது. யாழினிக்கு முறுக்கு கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேறொன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அடுத்த கோடையில் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் அன்று காலை ஸ்ட்ரெச்சரில் உன்னைத் தள்ளிக்கொண்டு போனபோது கூடவே நடந்தேன். கதவருகில் என்னை நிறுத்திவிட்டார்கள். நீ தலையைத் திருப்பி, "வாரேன் கண்ணு" என்றாய். "செரிக்கா" என்றேன்.

அக்கா, அது எந்த வாரேன்? திரும்பி வருகிறேன் என்றா சொன்னாய், இல்லை விடைபெற்றாயா? உனக்குத் தெரிந்திருந்ததா? அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பால் பொங்கும்போது, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். ஒருநாள் ஒரு மாதிரிக் கேட்கிறது, இன்னொருநாள் வேறு மாதிரி. எதிலும் நிலைகொள்ள முடியவில்லை.

நீ கண் விழிக்கவே இல்லை. துக்கத்துக்கு உன் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். உன் பக்கத்து மேசையில் வேலை செய்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "டூர் போயிட்டு வந்து ஒரு வாரம் அதே பேச்சுத்தானுங்க. தண்ணியில விழுகறதுக்கு முந்தி ஒரு நொடி ஒடம்பே இல்லாத மாதிரி இருந்துச்சுன்னு சொன்னாங்க. தங்கச்சி கூட்டிட்டுப் போனான்னு அத்தனை பெருமைங்க."

நான் கத்தியதை நீ அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அந்த விழுதலை என்னிடம் சொல்லவில்லை. செக்சன் முழுக்கக் கேட்ட கதையை நான் உன் துக்க வீட்டில் கேட்டேன்.

போன வாரம் யாழினிதான் ஆரம்பித்தாள். "அம்மா, மறுபடியும் அங்க போலாம். அந்தப் பெரிய சறுக்குல நான் தனியாப் போகணும், பெரியம்மா மாதிரி. நீங்க தேடி வரக்கூடாது. வந்ததும் கத்தக்கூடாது. முடியும்னா சொல்லுங்க, இல்லன்னா வேண்டாம்."

முடியும் என்றேன். அவள் நம்பவில்லை. காரில் வரும்போதும் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஐம்பத்தைந்து நிமிடம். இவர் சோளம் தின்று முடித்துவிட்டார். "நான் வேணா போய்ப் பாத்துட்டு வரட்டா?" என்கிறார். அவருக்கே கொஞ்சம் கலங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையசைத்தேன். எங்கேயோ ஒரு விசில்.

*

ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் ஆனபோது வந்தாள். பாதைத் திருப்பத்தில் அவள் தலை தெரிந்ததும் எழுந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்ததும் நடை தயங்கியது. முதலில் என் முகத்தைத்தான் படித்தாள். அன்றைக்கு நீ கையை இறக்கியபோது பார்த்த பார்வை, அதே பார்வை. எனக்கு நாக்கு நுனியில் ஐந்தாறு சொற்கள் இருந்தன. இவ்வளவு நேரமா, தலையைத் துவட்டு, மணி என்ன தெரியுமா. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரித்தேனா என்று தெரியவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் இன்னும் இரண்டடி வைத்தாள். காத்திருந்து பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"அம்மா, மூக்குக்குள்ள ஒரு குடம் தண்ணி போயிருச்சு."

அதற்கப்புறம் அவள் பேச்சு நிற்கவில்லை. மேலே ஏறுகிற படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினாளாம். முன்னால் நின்ற ஒரு மாமா மூன்று பேருக்கு வழிவிட்டுவிட்டுக் கடைசியில் இறங்கியே போய்விட்டாராம். குழாய்க்குள் இருட்டில் அவள் கத்தியது அவளுக்கே யாரோ கத்துகிற மாதிரிக் கேட்டதாம். இரண்டாவது முறையும் போனதால்தான் இவ்வளவு நேரம். சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள், சோறு ஆறிப்போகிற அளவுக்கு. நான் மணியையோ சோற்றையோ ஞாபகப்படுத்தவில்லை.

அவள் இப்போது ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கிறாள். இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். எனக்கு அமைதி ஒன்றும் வந்துவிடவில்லை அக்கா. நாளைக்கு வேறெதற்காவது பதறத்தான் போகிறேன். அன்று தண்ணீர் சொட்டச் சொட்ட, கையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உன் வாயில் ஒரு பேச்சு இருந்தது. அது மூக்கில் தண்ணீர் போனதாகவும் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல நான் விடவில்லை. சொல்லப்படாமல் போன அந்த ஒரு பேச்சுதான் உனக்கு நான் வைத்த பாக்கி. இன்று ஒருத்தியை முதலில் பேச விட்டேன்.