நெஞ்சில் கை வைத்துக் கேட்பவள்

ஜூன் 3, புதன்

தேதி கிடைத்துவிட்டது. அடுத்த செவ்வாய் சிட்டுவுக்கு ஆபரேஷன். காதுக்குள்ளே ஒரு கருவியை வைத்துத் தைப்பார்கள். புண் ஆறின பிறகு வெளியே இன்னொன்றை மாட்டி சுவிட்சைப் போடுவார்கள். பிறந்ததிலிருந்து நாலரை வயசு வரைக்கும் ஒரு சத்தமும் அறியாத என் மகளுக்குக் கேட்க ஆரம்பிக்கலாம். டாக்டர் “கேட்கலாம்” என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே நான் அதைக் “கேட்கும்” ஆக்கிவிட்டேன்.

போன் வந்தபோது லிஃப்ட் கூண்டின் மேல் நின்று ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். துள்ளிக் குதிக்கக் கூடாத இடம். குதிக்கவில்லை. ஸ்பானருக்கு ஒரு முத்தம் கொடுத்ததோடு சரி. கிரீஸ் ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

சபையில் எல்லோரும் சிட்டுவுக்காக ஜெபித்தார்கள். அப்புறம் பாட்டு. நான் வழக்கம்போல வாயை மட்டும் அசைத்தேன். இது மச்சான் போட்ட சட்டம். வீட்டுக்காரியின் தம்பி, சபையில் கீபோர்டு வாசிக்கிறவன். “அத்தான், ஆண்டவர் உங்க மனசைப் பாக்குறாரு. நாங்கதான் உங்க தொண்டையைக் கேக்க வேண்டியிருக்கு” என்று ஒரு நாள் ரொம்பப் பணிவாகச் சொன்னான். அவன் மேல் தப்பில்லை. மோட்டார் எங்கே இடறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சுருதி இடறுவது மட்டும் இந்தக் காதுக்கு எட்டாது.

உலகத்தில் எனக்கு இருக்கிறது ஒரே ஒரு ரசிகை. படுக்கப் போகும்போது சிட்டு என் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டுவாள். பாடு என்று அர்த்தம். முடிகிற வரைக்கும் உள்ளங்கையை அங்கேயே வைத்திருப்பாள். அந்த அதிர்வுதான் அவளுக்குப் பாட்டு.

“அவளுக்குக் காது வந்துட்டா உங்க கச்சேரி முடிஞ்சுது” என்கிறாள் வீட்டுக்காரி.

முடியட்டும் ஆண்டவரே. முதல் வேலையா அதை முடிச்சு வையும்.

ஜூன் 9, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது. தலையில் கட்டோடு தூங்குகிறாள். வெளியே காத்திருந்தபோது சின்ன வயசிலிருந்து மனப்பாடமான பைபிள் சங்கீதம் பாதியில் மறந்து போச்சு. மறந்த இடத்திலிருந்து “ஆண்டவரே, ஆண்டவரே” என்றே ஓட்டினேன். மீதி அவருக்குத் தெரியும்தானே.

ஜூன் 20, சனி

கட்டுப் பிரித்தாயிற்று. வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவள் காதில் முதலில் விழ வேண்டியது எது என்று ஒரே சண்டை. அவள் பெயர்தான் என்கிறாள் இவள், என் வீட்டுக்காரி. கீபோர்டு என்கிறான் மச்சான். நான் லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்து “அப்பா, அப்பா” என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியில் ஏறிய பெண்மணி உடனே இறங்கிவிட்டார்.

ஜூலை 3, வெள்ளி

சுவிட்சைப் போட்டார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

கருவி பழக்குகிற அம்மா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, “இப்ப கூப்பிடுங்க” என்றார். இவள் கூப்பிட்டாள். நான் கூப்பிட்டேன். மச்சான் கை தட்டினான். சிட்டு மரவண்டியை உருட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

“சத்தத்தைக் குறைச்சுத்தான் வெச்சிருக்கோம். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். மூளை பழகணும். சிலருக்கு நாளாகும்” என்றார் அந்த அம்மா. நாளாகியும் வராதவங்க உண்டா — கேட்க வாய் வரைக்கும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவள் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அவளுக்குத்தான் கேக்கல. உங்க ஆண்டவருக்குமா கேக்கல?”

நேத்து வரைக்கும் “நம்ம ஆண்டவர்”. இன்னிக்கு என் தலையில கட்டிட்டா. எனக்கும் அதே கேள்விதானே.

ஜூலை 4

எழுத ஒன்றும் வரவில்லை.

ஜூலை 6, திங்கள்

கூண்டின் மேல் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். தினமும் எத்தனையோ பேர் கயிற்றைப் பார்க்காமலே லிஃப்டில் ஏறி, போனை நோண்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் கயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தே பிழைப்பவன். பார்க்காமல் காலை வைக்க எனக்கு வராது. அதைத்தான் சொன்னேன்: “ஆண்டவரே, கயிறு என் கண்ணுக்குத் தெரியல. இருந்தாலும் ஏறிட்டேன். நீர் கதவைச் சாத்தும்.”

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் காவலாளி. “யாருய்யா உள்ள? யார்கூடப் பேசுற?”

“மேல இருக்கிறவர்கூட.”

“மோட்டார் ரூம்ல ஆளா? என்கிட்ட சொல்லவே இல்லியே.”

படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க வந்து என்னை முறைத்தார். சிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் முதல் சிரிப்பு. இதையே பதில்னு எடுத்துக்கலாமா? எடுத்துக்கிட்டேன்.

ஜூலை 11, சனி

வெளிக் கருவி காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். சிட்டு அதைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். இப்போதைக்கு எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்குத்தான் காது கேட்கிறது.

சத்தத்தை ஒரு படி ஏற்றியதிலிருந்துதான் இந்தப் பிடுங்கல். ஒன்றுமே கேட்காதவள் எதற்குப் பிடுங்க வேண்டும்? அந்த அம்மாவிடம் போனில் கேட்டேன். “நானும் அதைத்தான் யோசிக்கிறேன்” என்றார். குரலில் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி — இல்லை, எனக்குத்தான் அப்படிப் பட்டதா?

இவள் ஜெபத்துக்கு உட்காரவில்லை. ஆனால் நான் முடிக்கும் வரை டிவியையும் போடவில்லை.

ஜூலை 16, வியாழன்

திரும்பினாள். சிட்டு திரும்பினாள்.

இவள் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சிட்டு வெடுக்கென்று திரும்பினாள். “தரை அதிர்ந்திருக்கும்” என்றேன் நான், பெரிய விசுவாசி. இவள் தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள். திரும்பினாள். இன்னொரு தடவை. மறுபடியும் திரும்பினாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தட்டாத பாத்திரம் இல்லை. கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

“கேக்குதுங்க” என்றேன்.

“எங்களுக்கும்தான் கேக்குது” என்றார்.

இவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஏங்க, நம்ம ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க. எனக்கு வாய் வரல.”

“நம்ம.” கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

சபையில் கீபோர்டும் டிரம்மும் ஆரம்பித்ததும் சிட்டு மிரண்டு போய் என் மடியில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கை என் நெஞ்சுக்கு வந்தது. நான் சட்டப்படி வாயை அசைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து வாயைப் பார்த்தாள். மறுபடியும் நெஞ்சைத் தொட்டாள். போலி மருந்து விற்கிறவனைப் பார்க்கிற பார்வை. பிறகு இரண்டு தட்டு.

என்ன செய்வது? பாடினேன். வாய்விட்டு, நெஞ்சு அதிர. முன் பெஞ்சு மொத்தமும் திரும்பியது. மச்சான் ஒரு கட்டையைத் தப்பாக அமுக்கினான். நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். அவள் மிரட்சி போய், என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். இன்னும் சத்தமாப் பாடுங்க என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

ஆகஸ்ட் 27, வியாழன்

சாயங்காலம் சிட்டு நெஞ்சில் தட்டவில்லை. “ப்பா” என்றாள். பாடு என்கிறாள்.

பாடினேன். கை வைக்காமல், தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். இரண்டாவது அடியில் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

நன்றாகவே கேட்கிறது. ஸ்தோத்திரம்.