வெறும் பெட்டி

மாரெட்பள்ளி, 12.8.2009

அப்பாவுக்கு நமஸ்காரம். மன்னிப்புக் கேட்பது எப்படி? இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்க, வீட்டு சர்வராக ஒரு சின்ன கம்ப்யூட்டரை மலிவாக வாங்கினேன். திறந்தால் உள்ளே மெமரியும் இல்லை, டிஸ்க்கும் இல்லை. நேற்று கடையில் எல்லார் எதிரிலும் “திருட்டுக் கடை” என்று கத்திவிட்டேன்.

விற்ற பெண் அனுபமா நம்மூர்ப் பக்கம்தான். “வெறும் பெட்டி, மத்ததைத் தனியா வாங்கணும்னு சொன்னேனே மேடம். ‘என் தலையில கட்டாதே’ன்னீங்க,” என்றாள். உண்மைதான். தலைகுனிந்து வந்துவிட்டேன்.

பெட்டியில் வைக்க உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள். சமீபத்தியதாக இருக்கட்டும். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

ருக்மிணி

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மறந்தேன். இதை எழுதிய மறுநாள் பெட்டியோடு கடைக்குப் போனேன். மன்னிப்பு வாயில் வரவில்லை. “டிஸ்க், மெமரி” என்றேன். அவளே பொருத்திக் கொடுத்தாள். “திருட்டுக் கடை பில்லு, பத்திரமா வெச்சுக்கோங்க மேடம்,” என்றாள்.